பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே டென்மார்க்

மேடையின் இடப்பக்கம் ஒரு பூசணிக்காய். வலப்பக்கம் கால் கட்டப்பட்ட ஒரு சேவல். நடுவில், ரோஜா நிற ரிப்பன் சுற்றிய இரண்டு டென்மார்க் நாற்காலிகள்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. ஏலம் தொடங்க இன்னும் சிறிது நேரம் இருந்தது. பந்தலுக்குள் வாழைத்தார்களின் வாசனை. பந்தலுக்குப் பின்னால் அசனம் என்கிற சபை விருந்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை. இரண்டாவதுதான் ஜெபத்துக்குப் பெரிய இடையூறாக இருந்தது.

சேவல் கழுத்தை நீட்டி நாற்காலியின் தோலை ஒருமுறை கொத்திப் பார்த்தது. கமிட்டிச் செயலாளர் பதறி ஓடிவந்து, சேவலைத் தள்ளிக் கட்டச் சொன்னார். அதே தோலின்மேல் எத்தனையோ ஆண்டுகள் நோயாளிகள் உட்கார்ந்து மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள், கஞ்சி சிந்தியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் பதறி நான் பார்த்ததில்லை.

பந்தலின் ஓரத்தில், சக்கர நாற்காலியில், மடியில் கைத்தடியோடு தங்கராஜ் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் நான். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் எட்டு மரக்கட்டைகள். பண்டிகைக்கு மரக்கட்டைகளோடு வந்த ஒரே சபை அங்கத்தினர் நானாகத்தான் இருப்பேன். அதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கைவைத்த நாற்காலியின் பயணம்

சமூகப்பணி படித்துமுடித்த கையோடு, பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒரு பகல் இல்லத்தில் பொறுப்பேற்றேன். பழைய மிஷன் பங்களா ஒன்றில் சபை நடத்தும் இல்லம் அது. காலையில் வீட்டார் கொண்டுவந்து விடுவார்கள். மாலையில் அழைத்துப் போவார்கள். இடைப்பட்ட நேரம் எங்களுடையது.

அந்தப் பங்களாவில்தான் நாற்காலிகள் இருந்தன. வெகுகாலம் முன்பு டென்மார்க்கிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் வந்தார். ஊர் அவரைப் பெரிய சிஸ்டர் என்று அழைத்தது. பதவியில் பெரியவர் என்பதால் அல்ல. நம்மூர்க் கட்டிலில் படுத்தால் அவருடைய பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால். அவர் தமக்கென்று கப்பலில் தூத்துக்குடிக்கு வரவழைத்த சாமான்களில் இவையும் அடக்கம்: ஓக் மரச் சட்டம், குதிரைச் சேணம்போல் தடித்த தோலை இழுத்துப் பித்தளைக் கொக்கிகளால் மாட்டிய இருக்கை, ஒரு பலகை அளவுக்கு அகன்ற கைகள். அந்த அகலம் மதுக்கிண்ணம் வைப்பதற்காம். நாங்கள் மாத்திரை டப்பா வைத்தோம்.

வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற பொருளுக்கு எங்கள் ஊரில் ஒரு திட்டமான வாழ்க்கைப் பாதை உண்டு. முதலில் குருவானவர் வீட்டு வரவேற்பறை. அங்கே மெருகு போனதும் கமிட்டி அறை. தோல் கறுத்ததும் வராந்தா. பிறகு சாமான் அறை. எவருக்கும் வேண்டாமென்று உறுதியானபின் நோயாளிகளுக்கு நன்கொடை. இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஒரு கூட்டமும் புகைப்படமும் இருக்கும்.

நாற்காலிகளில் ஒரே ஒரு குறை. அவை மிகத் தாழ்வானவை. டென்மார்க்கில் உட்காருகிறவர்கள் எழுந்திருக்கும் அவசரம் இல்லாதவர்கள் போலும். பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லி, பூவரசு மரத்தில் எட்டுக் கட்டைகள் செய்வித்தோம். ஒவ்வொன்றிலும் நாற்காலிக் கால் பொருந்துகிற அளவுக்குக் குழி. ஆணி இல்லை, பசை இல்லை. காலைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினால் போதும். நாற்காலி ஒரு சாண் உயர்ந்து, மனிதருக்கு உதவும் பொருளாகிவிடும்.

ரைட்

அந்த இரண்டில் ஒன்றில் மேலப்பாளையத்து மொய்தீன் பாய் உட்கார்ந்து உறங்குவார். இன்னொன்று தங்கராஜ் அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வலது கையும் வாயும் முழு உடல்நலத்தோடு இருந்தன. எங்கள் இல்லத்தில் மற்ற எல்லோரையும் எழுப்ப இரண்டு ஆட்கள் வேண்டும். அவருக்கு வேண்டாம். அந்த அகன்ற கையின்மேல் வலது உள்ளங்கையை ஊன்றி, உடலை முன்னால் சாய்த்து, “ரைட்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு எழுந்துவிடுவார். கைத்தடியோடு பையப் பைய நடந்து கழிப்பறைக்குப் போவார். உள்ளே போய்க் கதவைத் தாமே சாத்தித் தாழ்ப்பாள் போடுவார்.

அந்தத் தாழ்ப்பாள் ஓசை எனக்குப் பிடிக்கும். ஒரு மனிதர் தமக்கென்று வைத்திருந்த கடைசி அறை அது.

படத்தில் இருப்பது யார்?

இல்லத்தின் கூரை ஒழுகியது. நன்கொடை கேட்டு இணையத்தில் ஒரு படம் போட முடிவுசெய்தேன். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழும் படம்.

நான் விளைவுகளை எடைபோடப் பயிற்சி பெற்றவள். அவரிடம் சம்மதம் கேட்டேன். இரக்கத்தைத் தூண்டும் சொல் ஒன்றும் இல்லாமல் வாசகம் எழுதினேன். அவருடைய கண்ணியம் எந்தக் கோணத்தில் குறையாது என்று ஆராய்ந்து படமெடுத்தேன். எல்லாவற்றையும் எடைபோட்டேன், நாற்காலியைத் தவிர.

படம் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். எந்த மரம், எந்தக் காலத்துத் தோல், அடியில் முத்திரை இருக்கிறதா, விற்பீர்களா என்று கேட்டார்கள். ஒருவர், முன்னால் நிற்கும் ஆள் மறைப்பதால் அவரை விலக்கி இன்னொரு படம் அனுப்ப முடியுமா என்று பணிவோடு கேட்டிருந்தார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண்மணி நேரிலேயே வந்துவிட்டார். பழைய மரச்சாமான்களை வாங்கி ‘விண்டேஜ்’ என்ற பெயரில் விற்கிறவர். நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அண்ணாச்சியை எழச் சொன்னார். அண்ணாச்சி “ரைட்” சொல்லி எழுந்தார். எந்தக் காட்சியைக் காட்டி நாங்கள் கூரைக்குப் பணம் கேட்டோமோ அது அந்தப் பெண்மணிக்கு ஒரு முழம் முன்னால் நடந்தது. அவர் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு மண்டியிட்டபடியே சொன்னார்: “இது வெறும் சேர் இல்லைங்க. இதுக்குள்ள ஒரு ஆன்மா இருக்கு.”

அண்ணாச்சி கைத்தடியில் சாய்ந்துகொண்டு, பெண்மணியை அழைத்து வந்திருந்த செயலாளரைப் பார்த்தார். “அப்பம் ஞானஸ்நானம் கொடுத்தாச்சா வே அதுக்கு?”

பெண்மணி சிரிக்கவில்லை. அவர் பார்வை பூவரசங்கட்டைகளின்மேல் விழுந்திருந்தது. முகம் சுளித்தது. “முதல்ல இந்தக் கட்டைங்களை எடுத்துடுங்க சார். ஒரிஜினாலிட்டியே போயிடுது.”

செயலாளர் அன்று மாலையே எடுக்கச் செய்தார். தூக்கி எறியச் சொன்னவற்றை நான் என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

அமரக்கூடாது

கமிட்டி கூடியது. எங்கள் கமிட்டி அறையில் நாற்காலிகளுக்கும் ஒரு சாதி ஒழுங்கு உண்டு. குருவானவருக்குக் கைவைத்த, மெத்தை வைத்த நாற்காலி. செயலாளருக்கும் பொருளாளருக்கும் கைவைத்தது மட்டும். மற்ற உறுப்பினர்களுக்குக் கையில்லாதது. என்போன்ற சம்பளக்காரர்களுக்குக் கதவோரம் ஒரு பெஞ்சு. சமத்துவத்தைப் பற்றிய தீர்மானங்கள் எல்லாம் இந்த வரிசையில் உட்கார்ந்தபடிதான் நிறைவேறும்.

டென்மார்க் நாற்காலிகள் அந்த அறைக்குத் திரும்பி வந்துவிட்டிருந்தன. சுற்றிலும் கயிறு. கயிற்றில் ‘அமரக்கூடாது’ என்று ஓர் அட்டை. செயலாளரே அமரவில்லை. அந்த அளவுக்கு அவற்றின் மதிப்பு உயர்ந்திருந்தது.

அவர் வாதம் எளிமையானது. இரண்டு நாற்காலியை விற்றால் கூரை முழுவதையும் மாற்றலாம். மழையில் நனைகிறவர்கள் எல்லோருக்கும் நன்மை. ஒருவருடைய வசதிக்காக எல்லோருடைய நன்மையையும் தள்ளலாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாதத்தில் தவறு இல்லை. எனக்கு இடைஞ்சலாக இருந்தது அதுதான். கூரையையும் கழிப்பறையையும் ஒரே தராசில் வைக்கச் சொன்னால் நான் படித்த படிப்பு தடுமாறியது. ஒருவர் தாமாக எழுவது வசதியல்ல என்று சொன்னேன். மாற்று ஏற்பாடு செய்துவிட்டு விற்கலாமே என்றேன். செயலாளர் உடனே ஒப்புக்கொண்டு மாற்று ஏற்பாடு செய்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி. சபையில் அடுக்குகளாகக் கிடந்தது.

விற்பனையில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகப் பண்டிகை ஏலத்தில் பகிரங்கமாக விடுவது என்று முடிவானது.

ஆடை படிந்த காபி

பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் எடையைப் போட்டு ஊன்றினால் அது வெளிப்பக்கம் வளையும். அண்ணாச்சி முதல் நாள் ஊன்றினார், நாற்காலியோடு சாய்ந்தார். நல்லவேளை, சுவர் பிடித்துக்கொண்டது. அதன்பின் அவரையும் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கழிப்பறைக் கதவு திறந்தபடியே இருக்க, ஒருவன் வாசலில் நின்றான்.

அவருடைய காபி டம்ளர் நிறைந்தபடியே திரும்பிப் போவதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. தண்ணீர்ச் செம்பும் அப்படியே. சர்க்கரை கூடவா என்று கேட்டேன்.

“காப்பி நல்லாத்தான் இருக்கும். குடிச்சா போணும்லா? போணும்னா ரெண்டு பேரக் கூப்பிடணும். அவனுவ டீ குடிக்கப் போயிருப்பானுவ. அதுக்குக் குடிக்காமலே இருந்திரலாம்மா.”

சிறுநீர்க் கடுப்பில் காய்ச்சல் வந்தது. டாக்டர், தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று அவரைத் திட்டினார். அண்ணாச்சி மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் டம்ளர் நிறைந்தபடியே திரும்பியது.

“வேல பாத்த காலம் பூரா நின்னுக்கிட்டே போனேம்மா. இருக்க எடம் எவங்கிட்டயும் கேட்டதில்ல” என்றார். “இப்பம் எந்திரிக்க எடம் கேக்கேன். அது பெருசாப் போச்சு கமிட்டிக்கு.”

பண்டிகைக்கு முந்தைய நாள் கட்டைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேட்டைக்குப் போனேன். வேறு ஏதாவது நாற்காலிக்குப் பொருத்த முடியுமா என்று கேட்டேன். இந்தக் குழி அந்தக் காலுக்கு மட்டும்தான் சேரும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லத்துக்குத் திரும்பிப் பையைச் சக்கர நாற்காலியில் மாட்டியவள் எடுத்துவைக்க மறந்தேன்.

ஏலத்தின் ஒழுங்கு

இனி மேடைக்குத் திரும்பலாம். அதற்குமுன் வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

உலகத்தில் மற்ற இடங்களில் ஏலம் என்பது பொருளை வாங்குவதற்காக. எங்கள் சபையில் அது வாங்காமல் இருப்பதற்காக. கடைசி விலை கேட்டவரிடம் செயலாளர் ஒலிபெருக்கியில் கேட்பார்: “வச்சுக்கிடுதீயளா, ஆலயத்துக்கே விடுதீயளா?” அவர் “ஆலயத்துக்கே விட்டுட்டேன்” என்பார். கைதட்டல் எழும். தொகை காணிக்கை, பொருள் மீண்டும் ஏலத்துக்கு. ஒரே பூசணிக்காயைச் சபையின் செல்வந்தர் அனைவரும் வாங்கி முடித்தபின்னும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இறுதியில் சாம்பாருக்குள் போகும்.

“வச்சுக்கிடுதேன்” என்று சொல்லக்கூடாது என்று எவரும் விதிக்கவில்லை. சொன்னவரும் எவரும் இல்லை.

சென்னைப் பெண்மணி இந்த வெயிலில் நேரில் வரவில்லை. தம்மிடம் வேலைபார்க்கும் ஜெபக்குமாரை அனுப்பியிருந்தார். அவன் எங்கள் தெருப்பையன். உள்ளூர்க்காரன் என்பதால் விலை படியும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். காதில் கைபேசியோடு முன்வரிசையில் நின்றான். பெண்கள் பக்கத்தில் அவனுடைய அம்மா, பட்டுச்சேலையில்.

முதல் சுற்றில், வண்ணார்பேட்டையில் லாட்ஜ் நடத்துவதால் லாட்ஜ் அண்ணாச்சி என்று பெயர்பெற்ற செல்வந்தர் ஜெபக்குமாரை முந்திக் கேட்டார். மூன்று தரம் சொல்லியாயிற்று. “ஆலயத்துக்கே விட்டுட்டேன்” என்றார். கைதட்டல். நாற்காலிகள் மீண்டும் ஏலத்துக்கு. விற்றுப்போன பொருளை ஏன் மறுபடி விற்கிறார்கள் என்று சென்னைக்கு விளக்க ஜெபக்குமார் படாதபாடு பட்டான்.

இரண்டாம் சுற்றில் ஜெபக்குமார் விட்டுக்கொடுக்கவில்லை. விலை ஏறியது. லாட்ஜ் அண்ணாச்சி தம் கடமை முடிந்த திருப்தியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். செயலாளர் பூரித்துப்போய் அவனை மேடைக்கு அழைத்து, பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கியை அவன் வாயருகே நீட்டினார்.

“வச்சுக்கிடுதீயளா தம்பி, ஆலயத்துக்கே விடுதீயளா?”

பதில் வருவதற்கு முன்பே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். நம் தெருப்பையன், சென்னைக்குப் போய் இவ்வளவு பெரிய தொகை கேட்டிருக்கிறான். அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஜெபக்குமார் சபையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். தொட்டில் பருவம் முதல் கேட்ட வாசகம், அவன் யோசிப்பதற்கு முன்பே அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

“ஆலயத்துக்கே விட்டுட்டேன்.”

கைதட்டல் ஓயும் நேரத்தில், அவன் கையிலிருந்த கைபேசியின் குரலை ஒலிபெருக்கி பந்தல் முழுவதற்கும் கொண்டுபோனது. “குமார்? குமார், என்ன சொன்னீங்க?”

மூன்றாம் சுற்று

மேடையில் சிறு மாநாடு நடந்தது. சென்னைப் பெண்மணி, கிடைக்காத பொருளுக்குப் பணம் தரமுடியாது என்று கைபேசியில் சொன்னார், நியாயம்தான். குருவானவர், பையன் சொன்ன மனது போதும், தொகையை விட்டுவிடுங்கள், பொருள் மறுபடி ஏலத்துக்கு வரட்டும் என்று முடித்துவைத்தார். அவருக்குப் பசி. கடவுளுக்குக் கொடுத்ததை அடுத்த நிமிஷமே திருப்பி விலைக்குக் கேட்க, அம்மாவின் எதிரில் ஜெபக்குமாருக்கு நா எழவில்லை. கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

குழம்பு இறக்கியாயிற்று என்ற செய்தி பரவி, பின்வரிசைகள் கலையத் தொடங்கின. செயலாளர் அவசரத்தில் பூசணிக்காய்க்குச் சொல்லும் ஆரம்ப விலையையே நாற்காலிகளுக்கும் சொன்னார்.

“நான் கேக்கேன்.”

பந்தல் ஓரத்தில் ஒரு வலது கை உயர்ந்திருந்தது.

சுகவீனப்பட்டவர் கேட்ட விலைக்குமேல் எங்கள் சபையில் எவரும் கேட்பதில்லை, அது அநாகரிகம். செயலாளர் ஆவலோடு லாட்ஜ் அண்ணாச்சியைப் பார்த்தார். அவர் தம் கைக்கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லை. செயலாளர் மூன்று தரமும் சொல்லி முடித்தார். சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. கேட்கவேண்டிய கேள்வி இன்னும் இருக்கிறதே.

“தங்கராஜ் அண்ணாச்சி, வச்சுக்கிடுதீயளா, ஆலயத்துக்கே விடுதீயளா?”

கைதட்டல் தொடங்கியது.

“வச்சுக்கிடுதேன்.”

தட்டிய கைகள் பாதியில் நின்றன. சேவல் மட்டும் ஏதோ சொன்னது.

செயலாளர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தார். “அண்ணாச்சி, கேட்டது வெளங்கிச்சா? இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லயே.”

“அப்பம் என்னத்துக்கு வே வருஷா வருஷம் கேக்கீரு?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு பல சிரிப்புகள். செயலாளர் கடைசி முயற்சியாக, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றையாவது கமிட்டிக்கு விடலாமே என்று தணிந்த குரலில் கேட்டார்.

“அதுல பாய் இருக்காரு” என்றார் அண்ணாச்சி.

பிற்சேர்க்கையாகச் சில

கூரை கிடைத்ததா என்று கேட்பீர்கள். லாட்ஜ் அண்ணாச்சியின் காணிக்கையில் பெரும்பகுதி மாற்றியாயிற்று. ஒழுகும் மூலையில் கோப்புகளை வைத்திருக்கிறோம். ஜெபக்குமாருக்கு வேலை போனது. இப்போது வண்ணார்பேட்டையில் சொந்தமாகக் கடை வைத்து, பேட்டையில் செய்த ‘அசல் டேனிஷ்’ நாற்காலிகளைக் கட்டையோடு சேர்த்தே விற்கிறான், நன்றாகப் போகிறது. கமிட்டி தன் அடுத்த கூட்டத்திலேயே ஒரு சீர்திருத்தம் செய்தது. இனி ஏலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஆனால் எனக்கு அன்றைய பகலின் முடிவுதான் நினைவில் நிற்கிறது.

பாடகர் குழு இளைஞர்கள் இருவர் நாற்காலியைத் தூக்கிப் பிடிக்க, நான் கட்டைகளை ஒவ்வொன்றாகக் காலுக்கடியில் வைத்தேன். ஓக் பூவரசுக்குள் இறங்கி உட்கார்ந்தது. அண்ணாச்சியை அதில் மாற்றினோம். நாற்காலியின் கையில் சுற்றியிருந்த ரிப்பனை அவர் அவிழ்க்கவிடவில்லை.

“ஏம்மா, தண்ணி கொண்டா.”

ஒரு செம்பு முழுவதும் குடித்தார். இன்னொன்று கேட்டார். பிறகு யாரோ வழங்கிய சர்பத்தையும் வாங்கிக் குடித்தார். மேடையில் நன்றியுரை தொடங்கியிருந்தது. செயலாளரின் நன்றியுரை, பூசணிக்காய் தந்தவர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் செல்வது. நீண்டது. இன்னும் நீண்டது.

ஒருவழியாகக் குருவானவர் ஆசீர்வாதம் கூற எழுந்தார். சபையார் எழுந்து நிற்கும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் பார்த்து, மிகுந்த கனிவோடு, “எந்திரிக்க முடியாதவங்க இருந்துக்கிடலாம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி அகன்ற கையின்மேல் வலது உள்ளங்கையை ஊன்றினார். முன்னால் சாய்ந்தார்.

“ரைட்.”

எழுந்தார். ஆனால் நிற்கவில்லை. சபை முழுவதும் தலைகுனிந்து கண்மூடியிருக்க, கைத்தடியை ஊன்றி மேடையைப் பையக் கடந்து, பந்தலின் பின்வாசல் வழியாக வெளியேறினார். துணைக்குப் போக ஓர் அடி எடுத்துவைத்தவள், அப்படியே நின்றுகொண்டேன்.

குருவானவர் ஆசீர்வாதத்தைச் சொல்லி நிறுத்தினார். எல்லோரும் ஆமென் சொல்வதற்கு மூச்சு இழுத்த அந்த இடைவெளியில், ஆலயத்தின் பின்புறத்திலிருந்து, உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை தெளிவாகக் கேட்டது.